கேசட்டில் போன கடைசி அத்தியாயம்

மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர்கள்: உச்சிப்புளியிலிருந்து பஸ்ஸில் வரும் இராமலட்சுமியாகிய நானும் உள்ளூர்க்காரி லத்தீபாவும். அவள் குரல் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் வாசலில் மீன் விற்கிற பெண்களும் சேர்ந்து சொல்வார்கள். அவள் தெருவில் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, அதை மறைத்ததும் இல்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம், வாரப் பத்திரிகையில் வந்த ஒரு காதல் தொடர்கதை. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தேன். அதில் வசுமதி டெலிபோன் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவளை விரும்புகிறவன், வேலையை விட்டுவிட்டு என்னோடு வா என்கிறான். "எனக்கு இப்ப டியூட்டி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுகிறாள். எட்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால், அவன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் போய் உட்காருகிறாள். கதை முடிந்தது.

1986இல் அதைப் படமாக எடுத்தார்கள். இராமநாதபுரத்துக்குப் போய் மேட்னி பார்த்தோம். படத்து வசுமதி காதில் மாட்டிய போனைக் கழற்றி எறிந்துவிட்டு ரயிலடிக்கு ஓடுகிறாள். பிளாட்பாரத்தில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் நீங்கள்தான் என் வேலை என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாங்கிய முறுக்கைக்கூடத் தின்னவில்லை. லத்தீபா சிரித்தாள். சினிமாக்காரன் அப்படித்தான் எடுப்பான், இதற்கெல்லாமா கோபப்படுவது என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை என்னைக் கேலி செய்தாள்.

ஒரு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை வாவு முகம்மது ஷார்ஜாவில் ஸ்டோர்கீப்பர். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்தான் வரும். பேசிப் பதிந்து, லீவில் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். மாப்பிள்ளையின் அறைத்தோழர் ஹமீது லீவில் வந்தபோது கொண்டுவந்த கேசட்டைக் கேட்க வீடே டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நானும் இருந்தேன். மாப்பிள்ளை சுகம் விசாரித்தார். பிறகு, வீடியோவில் அதே படத்தைப் பார்த்ததாகச் சொன்னார்.

"கடசியில அந்தப் புள்ள செஞ்ச மாதிரி லத்தீபாவும் செஞ்சுட்டாப் போதும். நிக்காஹ்வுக்கு முந்தி வேலைய எழுதிக் குடுத்துரச் சொல்லுங்க."

மாப்பிள்ளை கேட்பது நியாயம்தானே என்றார் அவள் வாப்பா அப்துல் குத்தூஸ்.

மறுநாள் லத்தீபாவிடம், மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுது என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் போனால் ஐந்து வகுப்பும் என் தலையில்தான். அவளோ கடிதம் வேண்டாம், பைண்டு புத்தகத்தைக் கொடு என்றாள்.

சனிக்கிழமை வாப்பா வெளியே போன நேரம் பார்த்து, கடைசி அத்தியாயம் முழுவதையும் வாசித்துக் கேசட்டில் பதிந்தாள். ஒரு பக்கம் போதாமல் திருப்பிப் போட்டாள். இடையில் ஆடு கத்தியது, அதுவும் பதிவானது. முடிவில் தன் பேச்சாக இதைச் சொன்னாள்:

"நீங்க பார்த்தது படம். கத இதுதான். எனக்குக் கததான் பிடிச்சிருக்கு. ஒங்களுக்குப் படந்தான் வேணும்னா வாப்பாகிட்டச் சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அவள் உம்மா எப்போது வந்து கதவோரம் நின்றார் என்று தெரியவில்லை. திட்டப் போகிறார் என்று நான் பயந்தேன். "நெசமாவே எட்டு மணி நேரமா உக்காந்திருந்தான்?" என்று கேட்டார். அதுவும் பதிவாகிவிட்டது. உறையின் மேல் "தனியாகக் கேட்கவும்" என்று எழுதி லீவு முடிந்து திரும்பிய ஹமீது கையிலேயே லத்தீபா கொடுத்தனுப்பினாள்.

இரண்டு மாதம் பதில் இல்லை. விஷயம் வாப்பா காதுக்குப் போனது. சம்பந்தம் முறிந்தால் வெளியே தலைகாட்ட முடியாது என்று அவர் மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். லத்தீபா பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. ஆனால் குரல் மட்டும் அடுத்த வகுப்புக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. எனக்கு அது தாங்கவில்லை.

கடைசியில் கேசட் வந்தது. வாப்பாவே பொத்தானை அழுத்தினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். தனியாக் கேக்கச் சொல்லி எழுதியிருந்த. இங்கன ரூமுக்குப் பன்னெண்டு பேரு, ஒரே டேப்பு. அப்படி எழுதுனா விடுவாங்களா, எல்லாரும் கேட்டுட்டாங்க. படத்துல முடிவக் கெடுத்துட்டான்னு பதினோரு பேரும் சொல்றாங்க. நானும் ரொம்ப நாள் யோசிச்சுப் பார்த்தேன். கெடுத்துத்தான் வச்சிருக்கான். இப்ப எங்களுக்கு முடிவு மட்டுந்தான் தெரியும். முதல்லருந்து படிச்சு அனுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெறகு படி. தொண்டையப் பிள்ளைகளுக்கு மிச்சம் வச்சுக்க."

லத்தீபா அழுதாள். நானும் அழுதேன். வாப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பள்ளிக்கூடம் என்று ஏதோ சொன்னாரே என்று டேப்பைப் பின்னால் ஓட்டி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மாப்பிள்ளை அதையேதான் சொன்னார்.