மட்டக்களப்புத் தம்பியின் கணுக்கால்

தனபால் இறந்த செய்தி எனக்கு ரயிலில் வந்தது. எங்கள் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கூட்டத்தில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் எதிரில் இருந்தவர் கேட்டார்: "இன்னாண்ணே, நீங்க இங்க கீறீங்க? தனபாலண்ணன் வெடியகாலைல பூட்டாரு, தெரியாதா?" பங்காருபேட்டையில் இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை. அவன் மனைவி மல்லிகாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து வேலைக்கே போனேன். உடலை எடுக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

நந்திதுர்க் மைதானத்தில் அவன் கபடி நடுவராக நின்றதைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். கோட்டைத் தாண்டிவிட்டான் என்று சொந்த மச்சானையே வெளியே அனுப்பியவன் அவன். "விசிலு வாய்ல கீற வரைக்கும் எனக்கு சொந்தக்காரன் கெடையாது" என்பான். மாமியார் வீட்டில் ஒரு மாதம் அவனோடு யாரும் பேசவில்லை.

அண்டை நாடுகள் கூடி ஆடும் விளையாட்டுப் போட்டி நம் நாட்டில் நடந்தபோது நாங்கள் இருவருமே போனோம். நான் நம் கபடி அணியின் பயிற்சியாளருக்கு உதவியாளன். ஐந்து மொழி பேசுவான் என்பதால் தனபாலுக்கு இலங்கை அணியோடு கூடவே இருந்து கவனித்துக்கொள்ளும் வேலை. அந்த அணியில் தமிழ் பேசுகிறவன் ஒருவன்தான், மட்டக்களப்பைச் சேர்ந்த சுதாகரன். சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான். மல்லிகா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாயில் பாதியை அவன்தான் தீர்த்தான்.

நம் அணியும் இலங்கை அணியும் மோதுவதற்கு முந்தின நாள் சுதாகரன் எங்களிடம், "இடது கணுக்கால்ல நோவு இருக்கு அண்ணன். எங்கட கோச்சுக்கும் சொல்லல்ல. சொன்னா இறக்க மாட்டார்" என்றான். தனபால் அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் துணிப்பட்டை சுற்றினான். "ஆடாதன்னா கேக்கமாட்ட. நாங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் சொல்லமாட்டோம், போ" என்றான். என்னையும் சேர்த்துத்தான் அந்த வாக்கு.

அன்று சாயங்காலமே நம் பயிற்சியாளரிடம் அதைச் சொன்னேன். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க வேண்டியிருந்தது. மறுநாள் நம் ஆட்கள் அந்தக் கணுக்காலையே குறிவைத்துப் பிடித்தார்கள். விதிப்படி அதில் தப்பே இல்லை. மூன்றாவது பிடியில் சுதாகரன் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் குனிந்து தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இலங்கை அணியின் மேலாளர் வந்து யார் சொன்னது என்று கேட்டார். தனபால் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. "என் வாய்தான் சார்" என்றான். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எந்தப் பெரிய போட்டிக்கும் அவனுக்கு அழைப்பு வரவில்லை.

ஊர் வந்த பிறகு அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினான். "உன் வேலைக்கோசரம் ஒத்துக்கினேன்டா. ஆனா அந்தப் பையன் நம்ம பாஷைய நம்பி சொன்னான். அத்த மட்டும் மறந்துடாத." வேலை நிரந்தரமானது. இன்றைக்கும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் மல்லிகா அவன் போனை என்னிடம் நீட்டினாள். "மட்டக்களப்புத் தம்பி அவரான்ட அடிக்கடி பேசும்ணே. எனக்கு வாய் வரல. நீங்க சொல்லிடுங்க."

சொன்னேன். சுதாகரன் வெகுநேரம் அழுதான். பிறகு, "அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து என்னட்ட மன்னிப்புக் கேட்டவர். ஒரு பிழை விட்டாலும் நல்ல மனுசன்" என்றான்.

நான் "ஆமா தம்பி" என்றேன். பிணம் போன வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இரண்டாம் தடவையாகத் தனபாலைக் காட்டிக்கொடுத்தேன்.

தனபாலை அறிந்தவர்களே, ஆளுக்கொரு நல்ல நினைவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பெயரில் இருக்கும் அந்தப் பிழையை நான் எடுத்துக்கொள்கிறேன், அது என்னுடையது. உங்களுக்குத் தருவதற்கு முன் இதைச் சுதாகரனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று போன் காட்டுகிறது. இன்னும் பதில் வரவில்லை.