இரண்டாவது ஓட்டை

குழாயின் மூச்சை என் கையாலேயே அடைத்துவிட்டு, கொட்டகை ஏன் நாறுகிறது என்று பத்து நாள் மூங்கில் கழியும் கையுமாக அலைந்தவன் நான். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். அடைக்க நான் எடுத்தது ஐம்பது சிகரெட் அடங்கும் வட்டத் தகர டின். தோட்ட மேலாளரான துரை புகைத்து முடித்துத் தூக்கிப் போட்டதைப் பொறுக்கி வந்து, அலுவலகத்தில் குண்டூசி போட்டு வைத்திருந்தேன். ஊசிகளை மேசையில் கொட்டிவிட்டு, டின்னைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூரைமேல் ஏறிய காட்சி இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தவன். அந்தப் படத்துக்கு மார்க்கும் வாங்கியவன்.

அப்போது நான் மலாயாவின் தென் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது உதவிக் கணக்கன். நாடு சுதந்திரம் அடைந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. துரை இன்னும் வெள்ளைக்காரர்தான். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களின் பெயரைக் கூப்பிடுவதும், மதியம் அவர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலின் எடையைக் குறிப்பதும் என் வேலை. பெரட்டுக்கு வரும் தாய்மார்கள் அதற்கும் முன்னால் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் இடம் ஆயாக் கொட்டகை. அதைப் பார்த்துக்கொண்டவரைத்தான் எல்லாரும் ஆயா என்றார்கள். ஆயா என்றதும் நரைத்த தலையையும் வெற்றிலைப் பெட்டியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், சறுக்கலில் விழுந்து கணுக்கால் உடைந்து, அது கோணலாகக் கூடிக்கொண்டதால் கொட்டகைக்கு வந்தவர். இருபது பிள்ளைகள், நாலு ஏணை, ஒரு அடுப்பு. கோணல் காலோடு அவர் நடக்கும் வேகத்துக்கு நான் நேர்க்காலோடு ஓட வேண்டியிருக்கும்.

எங்கள் இருவருக்கும் முதல் வழக்கு கொட்டகைக்கு வெளியே சுவரோரம் இருந்த பைப்பால் வந்தது. அது நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. கொட்டகைக்கென்று மேலே ஒரு தண்ணீர் டிரம்; காலையில் நிரம்பினால் மதியத்துக்குள் அந்தச் சொட்டே அதைக் காலி செய்துவிடும். டவுனிலிருந்து ஆள் வர வேண்டும் என்று பெரிய கிராணி வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இதுக்கெல்லாம் டவுன் ஆளா? வாஷர் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். உலகத்துக்கே ரப்பர் அனுப்பும் தோட்டத்தில் வாஷருக்குப் பஞ்சமா? ஸ்டோரில் தொங்கிய ஷீட்டிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டினேன். பைப்பின் தலையைத் திருகிக் கழற்றி, உள்ளே வைத்து, இறுக்கினேன். சொட்டு நின்றது. மூன்று நாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். நாலாம் நாள் வெயிலில் பச்சை ரப்பர் இளகி, உள்ளேயே ஒட்டிக்கொண்டது. சொட்டு நின்றதோடு தண்ணீரும் நின்றது.

"வெயில்ல வெறும் ரப்பர் இளகும்னு மரத்தடியில படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும் கிராணியாரே" என்றார் ஆயா. ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கினார். முதலில் டிரம்மிலிருந்து வரும் வால்வை அடைத்தார். நான் அதை அடைக்காமல் கழற்றிப் போன தடவை முழுக்க நனைந்ததைப் பார்த்திருந்தார். ஒட்டிப்போன ரப்பரை ஊக்கால் சுரண்டி எடுத்துவிட்டு, "தோல்ல போட்டா நிக்கும். பழைய தோல் இருக்கா?" என்று கேட்டபடியே என் ஒல்லி இடுப்பைப் பார்த்தார். என் பெல்ட் தோல் பெல்ட்.

"ஆயா, இது ஆபீசுக்குப் போட்டுட்டுப் போறது."

"பிள்ளைங்க காலையிலேருந்து கழுவாம கெடக்குது. கழட்டுங்க."

ஒரு வட்டம் போதும். இனிவரும் வருஷங்களுக்கும் சேர்த்து ஐந்து வெட்டிக்கொண்டார். ஒன்றை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார். பைப் ஒழுங்காகத் திறந்தது, ஒழுங்காக மூடியது. என் பெல்ட்தான் அதன்பின் எந்தத் துளைக்கும் எட்டவில்லை. அந்த வாரம் முழுக்க நான் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கட்டும் கம்பியைக் கால்சட்டைக்குக் கட்டிக்கொண்டு பெரட்டில் பெயர் வாசித்தேன். முன்வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் பெயரைக் கேட்டு "இருக்கேன்" என்று சொல்வதற்குள் சிரித்துவிடுவார்கள்.

போன மானத்தை மீட்க வேண்டும் என்ற வெறியில்தான் கூரைமேல் ஏறினேன். அந்த ஆண்டுதான் கொட்டகைக்குள் கைகழுவும் தொட்டியும், பின்புறம் வாளித் தண்ணீர் ஊற்றும் கக்கூஸும் கட்டியிருந்தார்கள். இரண்டின் கழிவும் மண்ணுக்குள் ஒரே குழாயில் சேர்ந்து மலக்குழிக்குப் போகும். அந்தக் குழாயிலிருந்து ஒரு கிளை மட்டும் சுவரோரமாக மேலே ஏறி, கூரையைத் தாண்டி, வாயைத் திறந்துகொண்டு நின்றது. மழைக்காலம். வானத்துத் தண்ணீரெல்லாம் அதற்குள் போய்க் குழி நிரம்பிவிடுமே என்று எனக்குக் கவலை. மூடி போட மறந்துவிட்டார்கள் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். டின்னைக் கவிழ்த்தேன். சுற்றியிருந்த இடைவெளியில் ரப்பர் பாலை ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்தேன். தோட்டத்துக்காரன் அடைத்தால் எறும்புகூட நுழையாது. இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் நாற்றம் ஆரம்பித்தது. கக்கூஸில் ஒரு வாளி ஊற்றினால் உள்ளே தொட்டி "களக் களக்" என்று விழுங்கும். அடுத்த நொடி மலக்குழியின் மணம் ஏணைகளுக்கு நடுவே வந்து நிற்கும். பிள்ளைகள் தூங்கவில்லை. இரண்டு பிள்ளைகள் குடித்த பாலைக் கக்கின. ஆயா பினாயில் ஊற்றினார். நான் மூங்கிலை விட்டுக் குத்தினேன், பிறகு பிரம்பை விட்டுக் குத்தினேன், பிறகு கற்பூரம் ஏற்றலாம் என்று யோசனை சொன்னேன். துரை ஒருநாள் குதிரைபோல உள்ளே வந்து, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே போனார். தோட்டத்துத் தமிழில் தெளிவாகச் சொன்னார்: "ஆயா, வெள்ளிக்கிழமை நான் வருவேன். இந்த வாடை இருந்தா கொட்டகை மூடு. பிள்ளை எல்லாம் ரெண்டாம் டிவிஷன்."

இரண்டாம் டிவிஷன் தோட்டத்தின் இன்னொரு பகுதி; அங்குள்ள கொட்டகைக்கு ஒன்றரை மைல். நடுவில் ஓடை, அதன்மேல் பலகை. பெரட்டுக்கு முன் அந்த இருட்டில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வருவது நடக்கிற காரியமில்லை. பால் குடிக்கிற பிள்ளை வைத்திருந்த ஏழெட்டுப் பேர் வேலையை விட வேண்டியதுதான். வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும். இதை எல்லாரும் அழுதுகொண்டு சொன்னார்கள். ஆயா மட்டும் அழவில்லை. "வெள்ளிக்கிழமைதானே வர்றாரு? இன்னைக்கு செவ்வாதான்" என்றார்.

அன்றிலிருந்து அவர் மூக்கால் வேலை செய்தார். கக்கூஸுக்கு வாளி ஊற்றாத நேரம் நாற்றம் இல்லை என்று கண்டுகொண்டார். ஊற்றியதும் தொட்டிக்கடியில் வளைந்திருக்கும் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் காணாமல் போகிறது என்றும் குச்சியை விட்டுப் பார்த்துச் சொன்னார். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்துக்குக் கதவு. "யாரோ கீழயிருந்து உறிஞ்சுறாங்க கிராணியாரே" என்றார். வாளி ஊற்றும்போதெல்லாம் ஓடிவந்து தொட்டியிலும் ஒரு செம்பு ஊற்றி அந்தக் கதவைச் சாத்தினார். ஆனால் இருபது பிள்ளைகளுக்கு எத்தனை செம்பு?

வியாழக்கிழமை காலை நான் அங்கேதான் இருந்தேன், உதவி என்ற பெயரில் வழியில் நின்றுகொண்டு. ஆயா பிள்ளைகளுக்குத் தேநீர் கலக்கப் பால் டின்னை எடுத்து ஆணியால் ஒரு ஓட்டை போட்டார். அதற்குள் ஒரு பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்கவே, அப்படியே டின்னைக் கவிழ்த்தார். கெட்டிப்பால் ஒரு சொட்டு வந்தது. "களக்" என்றது. நின்றுவிட்டது. ஆயா டின்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டார். பால் நூல் பிடித்தமாதிரி இறங்கியது.

"கிராணியாரே, இந்தப் பைப்புக்கு ரெண்டாவது ஓட்டை எங்க?"

அந்த இடத்தில்தான் என் பௌதிகப் பரீட்சை முழுவதும் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் இறங்கினால் பின்னால் காற்று வர வேண்டும். வருகிற வழியை அடைத்தால் அது தொட்டியின் வளைவிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆயா வெளியே போய்ச் சுவரோரமாக ஏறும் குழாயைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"மேல என்ன பளபளக்குது?"

"மூடி. அது எப்பவும் இருக்கிறதுதான்" என்றேன். மனிதன் பயத்தில் சொல்லும் பொய்யில் அழகே இருக்காது.

"எப்பவுமா? போன மாசம் மைனா அந்த வாயில உக்காந்து வாலை ஆட்டிக்கிட்டு இருந்துச்சே."

ஏணியைச் சாத்தினார். நான் ஏறுகிறேன் என்றேன். "நீங்க கை வச்சா கூரையும் போயிரும். பிடிங்க" என்றார். அந்தக் கோணல் காலோடு ஒவ்வொரு படியாக ஏறினார். பழைய பால்வெட்டுக் கத்தியால், மரப்பட்டையைச் சீவுகிற அதே பதத்தில், நான் உறையவைத்த ரப்பரை ஒரே சுற்றில் அறுத்து எடுத்தார். டின் கீழே என் காலடியில் வந்து விழுந்தது. உள்ளே, தகர மடிப்பில் சிக்கி, நான் கொட்ட மறந்த ஒரு குண்டூசி. இறங்கி வந்த ஆயா குனிந்து அதை எடுத்தார், பார்த்தார், தன் தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்குகளோடு குத்திக்கொண்டார். கக்கூஸில் ஒரு வாளி ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தொட்டி சத்தமே போடவில்லை.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். மூக்கை உயர்த்தி நாலு மூலையிலும் மோந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். நான் பெரிய கிராணிக்குப் பின்னால் நின்றுகொண்டு என் துணிப் பெட்டியை எப்படிக் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மேல போற பைப்பு அடைச்சிருந்துச்சு தொரை. ஏதோ பறவை வேலை."

"என்ன பறவை?"

"பேரு தெரியல தொரை. ஒல்லியா இருக்கும்."

துரை அண்ணாந்து பார்த்தார். பெரிய கிராணியும் பார்த்தார். நானும் பார்த்தேன், வேறென்ன செய்ய. கொட்டகை மூடப்படவில்லை.

இப்போது நான் இருப்பது கூலிமில், ஹைடெக் பூங்காவில் வேலை செய்யும் மகளின் வீட்டில். சென்ற மாதம் சமையலறைத் தொட்டி "களக்" என்றது. வந்த பைப்காரத் தம்பி தரையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் ஏணியைத் தேடினேன். "சும்மா உட்காருங்கலா பா, உங்களுக்கு ஏறத்தான் தெரியும்" என்று மகள் பிடித்து உட்காரவைத்தாள். உட்கார்ந்தபடியே விடாமல் பிடிவாதம் பிடித்துத் தம்பியைக் கூரைக்கு அனுப்பினேன். குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இறங்கி வந்து, "அங்கிள் முன்ன பிளம்பரா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, குற்றவாளி" என்றேன். அவர் சிரித்தார். முன்பின் தெரியாதவரிடம் இவ்வளவு சுலபமாக வந்த அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டியவரிடம் சொல்லவே இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. துரை வந்துபோன அந்த வெள்ளிக்கிழமை மதியமே போனேன். வழியெல்லாம் நல்ல தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்: என் அறியாமை, ஏழு குடும்பங்கள், உங்கள் பெருந்தன்மை. கொட்டகைக்குள் நாலு ஏணையும் நிறைந்து கனத்துத் தொங்கின. பாயில் மற்றவை ஒன்றின்மேல் ஒன்றாகக் காலைப் போட்டுக்கொண்டு கிடந்தன. பத்து நாளுக்குப் பிறகு அந்த இடத்தில் மூச்சு விடும் ஓசை மட்டும் கேட்டது. ஆயா சுவரில் சாய்ந்து, ஒரு ஏணைக் கயிற்றைக் கால் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"ஆயா, அந்தக் குழாய் விஷயமா நான் உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நான்..."

"பிள்ளைங்க தூங்குது, போயிட்டு அப்பறம் வாங்க."