ஆறரை மணிக்கு யாரைக் கேட்பது

பொம்மனஹள்ளியில் எனக்கு லேத் வேலை. படிப்பு எட்டாவது. வீட்டிலிருந்தே வானொலியில் மற்றவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ லைசென்ஸுக்கு மூன்று முறை பரீட்சை எழுதித்தான் தேறினேன்.

காலை ஆறரைக்கு எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ரேடியோவில் கூடுவோம். முதல் கேள்வி என்னிடம்தான் வரும். "அண்ணா, இன்னிக்கு கண்டிஷன் எப்படி?" சிற்றலை இன்று எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்ல வேண்டும். அதற்காக ஐந்தரைக்கே எழுந்து கிழக்கு நாட்டு நிலையங்களைக் கேட்பேன். அவற்றின் ஒலி ஏறி இறங்குவதை வைத்துச் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். வேறெங்கும் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

போன வருடம் ஒரு சாஃப்ட்வேர்காரன் சேர்ந்தான். சூரியனில் எத்தனை புள்ளி, காந்தப் புயல் உண்டா என்று போனில் பார்த்துச் சொல்வான்; சிற்றலை போகும் தூரம் அதைப் பொறுத்தது. கேள்வி மெல்ல அவன் பக்கம் போனது. அவன் குரல் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அவன் தப்பாகச் சொல்லும் நாளுக்குக் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, "ஏழு மணிக்கு மேல ஜப்பான் நல்லா வரும்" என்றான். என் செட்டில் இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"போன்ல வரும் தம்பி, காதுல வராது. பேண்ட் செத்துக் கெடக்கு, ஒரு அலையும் வரல. எல்லாரும் போயி டிபன் சாப்பிடுங்க."

என்னை நம்பி எல்லோரும் செட்டை அணைத்தார்கள். அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது. என் செட் பேட்டரியில் ஓடுவது. இரைச்சல் நின்றது. ஜப்பான்காரர்கள் பக்கத்துத் தெருவில் பேசுவதுபோலப் பேசினார்கள். கரண்ட் வந்ததும் மறுபடி இரைச்சல். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தேன். முந்தின நாள் மகள் வாங்கி வந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது.

இரைச்சல் வானத்திலா வீட்டிலா என்று முதலில் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. அன்று பார்க்க மனம் வரவில்லை.

மறுநாள் ஒருவர் ஆரம்பித்தார். "என்ன குரு, செத்த பேண்டுல நம்ம சாஃப்ட்வேர்காரரு ஒம்போது ஜப்பான்காரன புடிச்சாரு. நான் எட்டு இட்லி புடிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் குறுக்கே வந்தான். "அண்ணா ஏரியால சிக்னல் வந்து எறங்கியிருக்காது சார். அப்படி ஆவும்."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர். இவ்வளவு பக்கத்தில் அப்படி ஆகாது. அவனுக்கும் தெரியும். அவன் என்னைக் காப்பாற்றியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பேசும் பட்டனை அழுத்தினேன். "சிக்னல் நல்லாவே எறங்கிச்சு. எங்க வீட்டு ஸ்கூட்டர் சார்ஜர் சத்தம் அது. நான்தான் பாக்கல. இனிமே அவரையே கேளுங்க."

அவன் குரல்தான் முதலில் வந்தது. "சார்ஜர புடுங்கிட்டீங்கல்ல? இப்ப என்னண்ணா கேக்குது?"

சொன்னேன்.

இப்போது இருவரையும் கேட்கிறார்கள். அவனை முதலில். ஐந்தரைக்கு எழுந்ததும் நான் சார்ஜரைப் பிடுங்குகிறேன். பிறகு கேட்கிறேன். அவன் தப்பாகச் சொல்லும் நாளுக்கு இன்னும் காத்திருக்கிறேன்.