எழுபத்தோராவது வாரம்

முதல் எண்ணிக்கையில் ஆறு விரல்கள்தான் வந்தன. மறுபடி எண்ணினேன். வலது கையில் மூன்று, இடது கையில் மூன்று. கட்டைவிரல் தனி, சுண்டுவிரல் தனி, நடுவில் அகலமாக ஒன்று. பிறந்து இருபது மணி நேரம் ஆகியிருந்த என் பேத்தியின் கைகள் அவை.

தாம்பரத்து மருத்துவமனையில் குழந்தையைத் துடைக்க வந்த ஆயாம்மா நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டாள்.

"நகத்த எண்ணு தாத்தா. அஞ்சு கீது பாரு. ஆண்டவன் வெரல எல்லாம் போட்டுட்டான், பிரிக்கத்தான் மறந்துட்டான்."

அவள் சொன்னது ஏறக்குறைய சரி. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். கருவில் கை முதலில் துடுப்புப் போலத்தான் முளைக்கும். பிறகு விரல்களுக்கு இடையில் உள்ள செல்கள் சாகும். அவை செத்தால்தான் விரல்கள் பிரியும். எட்டாவது வாரத்துக்குள் இது முடிந்துவிடும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டாத ஆண்டில்லை. தலையும் எனக்குச் சரியாகப் படவில்லை. நெற்றி செங்குத்தாக உயர்ந்து, பின்னந்தலை தட்டையாக இருந்தது.

இவ்வளவு தெரிந்த நான் அன்று செய்ததை எழுதாமல் மற்றதை எழுத முடியாது. மருமகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். நான் கேட்டேன்: "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியாம்மா? கத்தி கித்தி எடுத்தியா?"

அவள் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆமா மாமா. ஆபீஸ் போனேன். வந்து ரெண்டு மாம்பழம் வெட்டினேன். போதுமா?"

அடுத்த பத்தொன்பது நாள்கள் அவள் என்னோடு பேசவில்லை. பள்ளிக்கரணையில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். நான் போகும்போதெல்லாம் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இருபதாம் நாள் "காபியா, டீயா?" என்று கேட்டாள். அதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. என் மனைவி போய் ஆறு ஆண்டுகளாகின்றன. அவள் இருந்திருந்தால் அந்தக் கேள்வி என் வாயை விட்டு வந்திருக்காது.

மூன்றாம் மாதத்தில் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. மகன், மருமகள், நான் மூவரும் போனோம். விளக்கிய மருத்துவருக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும்.

"ஒரே ஒரு ஜீன் சார். அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு," என்றார்.

அந்த மரபணு செய்வது ஓர் ஏற்பியை. செல்லின் வெளிச்சுவரில் நின்று, "எலும்பாகு", "பொறு" என்று வருகிற செய்திகளை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக உருவாவதில்லை. பல தட்டுகள், அவற்றுக்கு நடுவே இளகிய தையல்கள். மூளை வளர வளரத் தட்டுகள் விலகிக்கொடுக்க வேண்டும். எழுத்து மாறிய ஏற்பி, வந்த செய்தியை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தனக்கு வராத செய்தியையும் கேட்டுவிடுகிறது. அதனால் காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுக்குப் போகும் தையல், பேத்திக்கு வயிற்றிலேயே இறுகிவிட்டது. கை அரும்பிலும் அதே ஏற்பிதான் வேலை செய்கிறது. தலைக்குத் தனியாக ஒரு நோய், கைக்குத் தனியாக ஒரு நோய் என்று நான் இரண்டாக எண்ணி வைத்திருந்தேன். அது ஒன்றுதான்.

கணினியில் ஒரு படம் காட்டினார். அதே எழுத்தை மாற்றி வளர்த்த எலிக்குஞ்சின் எலும்புகள். குருத்தெலும்பு நீலம், முற்றிய எலும்பு சிவப்பு. தையல் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு ஓடியிருந்தது. நான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அதன் பாதத்தை எண்ணினேன். ஐந்து, தனித்தனியாக.

"எலிக்கு விரல் ஒட்டலையே?"

"ஒட்டறது குறைச்சல் சார். ஏன்னு இன்னும் முழுசா தெரியல."

தெரியாது என்று சொன்னதால் மற்றதை நம்பினேன். பிறகு என் கேள்வியைக் கேட்டேன்: இந்த எழுத்து எங்கே மாறியது?

"ரெண்டு பேர் ரத்தத்துலயும் இல்ல. புதுசா வந்தது. இந்த மாதிரி மாற்றம் பெரும்பாலும் அப்பாவோட விந்தணு உருவாகும்போது நடக்கறதுதான். தப்புன்னு யாரையும் சொல்ல முடியாது. கிரகணம், கத்திரிக்கோல், கத்தி எதுவும் காரணமில்ல."

கிரகணத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்போல. மருமகள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆறாம் மாதம் கண்ணைச் சோதித்தபோது, மண்டைக்குள் அழுத்தம் ஏறிக் கண் நரம்பை நெருக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். தலைக்கு அறுவை சிகிச்சை: தையலைத் திறந்து, நெற்றி எலும்பை முன்னே நகர்த்தி அமைக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். அதை விட்டால் அறுவை அரங்கும் இரண்டு மருத்துவக் குழுக்களும் ஒன்றாகக் கிடைக்கப் பதினோரு வாரம் ஆகும். அதுவரை பொறுத்தால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை.

அந்தச் செவ்வாய் குழந்தையின் எட்டாவது மாதத்தில் விழுந்தது.

எங்கள் பங்காளிகளில் முதல் முடி குலதெய்வத்துக்கு. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை மாதத்தில், தாய்மாமன் மடியில் வைத்து எடுக்க வேண்டும். அதற்கு முன் தலையில் கத்தி படக்கூடாது. நாங்கள் பீர்க்கன்கரணை ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பம். இன்று வயல் இருந்த இடத்தில் என் அண்ணனின் வாடகை வீடுகள் பதினொன்று நிற்கின்றன. கோயில் விஷயத்தில் அவர் சொல்வதுதான். ஏழாவது மாதம் முழுக்கக் குழந்தைக்குச் சளிக் காய்ச்சல்; மொட்டை போட முடியாமல் போனது.

அறுவைக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். நாங்கள் நால்வரும் போனோம், பேத்தி மருமகளின் தோளில். அண்ணன் கையில் என் நோட்டு இருந்தது. நான்கு பங்காளி வீடுகளின் மொட்டைக் கணக்கை நாற்பது ஆண்டுகளாக நான்தான் அதில் எழுதி வருகிறேன்.

"இருவத்திமூணு புள்ளைங்க. ஒண்ணாவது ரெட்டைப்படைல கீதா? நீ எழுதினதுதான்டா."

இல்லை. பதினெட்டாவது பதிவு அண்ணனின் பேத்தி. எட்டாவது மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கேட்டபோது, முடியாது என்று ஒரு மாதம் தள்ள வைத்தவன் நான். அண்ணன் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்திருந்தார்.

"அன்னிக்கு எனுக்கு சட்டம் பேசினே. இன்னிக்கு உன் வூட்டுக்குன்னா வேறயா?"

"அது வேற அண்ணா. இவளுக்குக் கண்ணு போயிடும்."

"ஒரு மாசத்துல இன்னா போய்டப் போவுது? ஆஸ்பத்திரில எவனோ மிஷின் போட்டு வழிச்சி குப்பைல போட்டான்னு வை, நாளிக்கி எதுனா ஆச்சின்னா யார் பதில் சொல்றது? ஒம்போதாவது மாசம் ஜம்முனு மொட்ட போட்டுட்டு இட்டுகினு போ."

என் மகன் தரையைப் பார்த்தபடி, "அப்பா, டாக்டர்கிட்ட வேணும்னா ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாமா?" என்றான். தேதி கையை விட்டு நழுவுவது எனக்குத் தெரிந்தது. மருமகளின் முகமும் தெரிந்தது.

"கேக்க வேண்டாம். நாளைக்குக் காலைல கோயில்ல மொட்டை. செவ்வாய் ஆபரேஷன்," என்றேன். "உங்களுக்கு ஒற்றைப்படைதானே வேணும்? அவ தலை பிறந்த அன்னிக்கா உண்டாச்சு? வயித்துல உண்டாச்சு. அங்கேயிருந்து எண்ணுங்க. ஒம்பதும் எட்டும் பதினேழு."

அண்ணன் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பத்து மாசம் சொமந்து பெத்தான்னுதான்டா சொல்லுவாங்க. பத்தும் எட்டும் பதினெட்டு. ரெட்டைப்படை."

மகன் சிரித்துவிட்டான். நான் சட்டைப் பையிலிருந்து மருத்துவமனை அட்டையை எடுத்தேன். "மாசம் வேண்டாம், வாரம். வயித்துல முப்பத்தெட்டு. வெளியே முப்பத்து மூணு. எழுபத்தொண்ணு."

"வாரத்த எவன்டா எண்ணுவான்?"

"நான் எண்ணுவேன்."

"அதான் தெரியுமே. சின்ன வயசுலேர்ந்து பேஜார் புடிச்சவன்டா நீ."

அப்போது மருமகள் பேசினாள். "எழுபத்தொண்ணா இருந்தாலும் எழுபத்திரெண்டா இருந்தாலும் செவ்வாய்க்கிழமை அட்மிட் பண்றோம் பெரிய மாமா. மொட்டை போட்டா சந்தோஷம். போடலன்னாலும் போவேன், தனியா போகணும்னாலும் போவேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கணக்கு சொல்லி ஜெயிக்க வேணாம் மாமா," என்றாள்.

அது சரி என்று எனக்குப் பட்டது. கணக்கு இல்லாமல் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. சோதனை முடிவு வந்த நாளிலிருந்து ஐந்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"அண்ணா, குழந்தை பொறந்த மறுநாள் இந்தப் பொண்ணுகிட்ட கிரகணத்துல வெளியே போனியான்னு கேட்டேன். விலங்கியல் வாத்தியார் நான், கேட்டேன். மாறினது இவகிட்ட இல்ல. அனேகமா நம்ம வீட்டுப் பையன்கிட்ட. அதுவும் அவன் தப்பு இல்ல. கேட்டது மட்டும் தப்பு, அது என்னோடது. இன்னொரு தப்பு நான் பண்ண மாட்டேன்."

பேத்தி அகலமான விரலால் அண்ணனின் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். அதுவரை அவர் அதைத் தொட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"காத்தால ஏழு மணிக்கு வந்துடுங்க," என்றார். "பூசாரிகிட்ட நான் சொல்லிக்கறேன். கேக்கறவனுக்கெல்லாம் எழுவத்தொண்ணுன்னு சொல்லுவேன். எதுனா தப்புன்னா உன் தலைல. நோட்டுலயும் நீயே எழுதிக்க."

இருபத்து நான்காவது பதிவு: எழுபத்தோராவது வாரம், திங்கள், காலை ஏழு இருபது. மாதம் என்று போட வேண்டிய கட்டத்தில் வாரம் என்று எழுதிய ஒரே பதிவு. முடி எடுத்தவர் தலையின் உயரத்தைப் பார்த்துக் கத்தியை நிறுத்தினார். "பயப்படாதீங்க, மெதுவா எடுங்க," என்று மருமகள் சொன்னாள். முடி போனதும் தலையின் வடிவம் முழுதாகத் தெரிந்தது. மருமகளின் தம்பி மடியில் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தான். அண்ணன் சந்தனத்தைக் குழைத்து வந்து அவரே பூசினார்.

மறுநாள் அறுவை சிகிச்சை ஆறு மணி நாற்பது நிமிடம் நடந்தது. காத்திருக்கும் கூடத்தில் அறுபத்து நான்கு நாற்காலிகள். அவற்றில் ஏழு உடைந்தவை. மூன்று முறை எண்ணினேன். வெளியே கொண்டுவந்தபோது முகம் வீங்கிக் கண்கள் மூடியிருந்தன. நான்காம் நாள் இடது கண் திறந்தது. ஐந்தாம் நாள் வலது கண்ணும் திறந்து, மருமகள் ஆட்டிய சாவிக்கொத்தின் பின்னாலேயே போனது. மருமகள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எத்தனை தடவை ஆட்டினாள் என்று நான் எண்ணவில்லை.

இப்போது பேத்திக்கு ஒன்றரை வயது. மண்டைக்குள் இருந்த அழுத்தம் இறங்கிவிட்டது. தலைக்கு இன்னும் அறுவைகள் வரலாம் என்கிறார்கள்; வரட்டும். கை விரல்களில் முதல் பிரிப்பு முடிந்து, கட்டு போன வாரம் அவிழ்ந்தது. நான் நாற்பத்திரண்டு படி ஏறி மகன் வீட்டுக்குப் போனபோது, மருமகள் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துக் கைகளை நீட்டிப் பிடித்தாள்.

"எண்ணுங்க மாமா."

வலது கையில் நான்கு. இடது கையில் மூன்று வரை வந்தபோது பேத்தி கையை உதறிப் பிடுங்கி என் கண்ணாடியைப் பறித்தாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். எட்டு. இன்னும் இரண்டு.