ஒடென்சேயிலிருந்து பனிமலைக்கு

பயணம் ஒழுங்கு செய்கிற தொழிலில் "நான் வாறன்" என்று சொல்லுகிறவர்கள் வேறு, பஸ்ஸில் ஏறுகிறவர்கள் வேறு. சொந்தக்காரரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கோயிலுக்காவது போய்வந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காது.

அந்தக் காலத்தில் நான் டென்மார்க்கில், ஒடென்சே நகரில் ஒரு சின்னப் பயண முகவர் நிலையத்தில் வேலை செய்தேன். ஈஸ்டர் விடுமுறைக்கு மாணவர்களை நோர்வே மலைகளில் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போவதுதான் எங்கள் முக்கிய வியாபாரம். முதலாளி பியர்தெ, பஸ் ஓட்டுகிற கார்ஸ்டன், நான். அவ்வளவுதான் ஆட்கள். இலங்கையில் போர் முடிந்த ஆண்டுக்கு முந்தின இலையுதிர்காலத்தில், ஒடென்சே, வைலே என்ற இரண்டு நகரங்களின் தமிழ் மாணவர்கள் முதன்முதலாக எங்களிடம் வந்தார்கள். சண்டை எங்கே போய் நிற்கும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

சப்பாத்து

எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனாலும் தாய்தகப்பன் ஓம் என்றால்தான் பஸ் ஏறுவார்கள். ஆகவே வைலேயில் ஒரு தேவாலய மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டினேன். சோறு கிடைக்குமா, பெண்பிள்ளைகளுக்கு வேறு அறையா, அறைக்குப் பூட்டு உண்டா என்று கேள்விகள். அனுஷா என்ற மாணவி டேனிஷில் ஏதோ முணுமுணுக்க, தாய் திரும்பி, "தமிழிலை சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார்.

அனுஷாவின் தகப்பன் இராசரத்தினம் அண்ணை இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதிகம் கதைக்கமாட்டார். நான் காட்டுவதற்குக் கொண்டுபோன பனிச்சறுக்குக்குப் போடுகிற ஸ்கீ சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டினார். கல் மாதிரிக் கனக்கிற, கணுக்கால் மடங்காத சப்பாத்து. மண்டபத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் இரண்டு கதிரைகளைத் தட்டி விழுத்தினார். பிறகு மனைவியைப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "இதைப் போட்டுக்கொண்டு ஒருத்தராலையும் ஒருத்தரோடையும் ஓட ஏலாது. பயப்பிடாமல் விடும்."

புல்லில் பயிற்சி

டென்மார்க்கில் மலை இல்லை. வைலேயில் மட்டும் மேடு என்று சொல்லக்கூடிய சில இடங்கள் உண்டு. பியர்தெயின் கராஜில் கிடந்த பழைய ஸ்கீ பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, ஈரப்புல்லில் பயிற்சி எடுக்கலாம் என்று பிள்ளைகள் புறப்பட்டார்கள். முதலில் இறங்கினவன் ஜெயந்தன். ஒடென்சேயில் பொறியியல் படித்தவன், சிறுவயதிலேயே மாமாவோடு இங்கே வந்தவன். இரண்டு முழம் சறுக்கினான், மிச்சத்தை உருண்டான். எழும்பும்போது முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் பல்லு. அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாயோடு உலாத்த வந்த ஒரு டேனிஷ் கிழவர் நெடுநேரம் நின்று பார்த்தார். உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மிக மரியாதையாகச் சொன்னார்: "பனி நோர்வேயில் இருக்கிறது, அம்மா."

தேநீர்

வசந்தம் தொடங்க, சண்டை நடந்த வன்னியிலிருந்து வந்த செய்திகளைக் காதால் கேட்க முடியாமல் போனது. ஜெயந்தனின் அக்கா கணவரோடும் பிள்ளைகளோடும் அதற்குள்ளே அகப்பட்டிருந்தார். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை.

போவதா விடுவதா என்று முடிவெடுக்க மாணவர் விடுதிச் சமையலறையில் கூடினோம். "சனம் பங்கருக்குள்ளை கிடக்க, நாங்கள் சறுக்கி விளையாடுறதோ?" என்றான் ஒருவன். நாங்கள் இங்கே இருந்து அழுவதால் அங்கே என்ன மாறப்போகிறது என்று அனுஷா டேனிஷில் கேட்டாள்; கேட்டுவிட்டு அவளே அழுதாள். ஜெயந்தன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினான். கடைசிக் கோப்பையை என்னிடம் தந்துவிட்டுச் சொன்னான்: "நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ, அக்கா. நான் நிக்கிறன். போனுக்குக் கிட்ட ஆராவது நிக்கத்தானே வேணும்."

அதற்குப் பிறகு ஒருவரும் மலையைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஸ்கீ ஜாக்கெட்

பயணம் நின்றது என்று பியர்தெயிடம் சொல்லப் போனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்படியென்றால் அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போகவேண்டும்?" கோபன்ஹேகனில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனத்தின் ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்தது. நோர்வேக்குப் போகவேண்டிய பஸ், பிள்ளைகளோடு தாய்தகப்பன்மாரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலே போகிற பெரிய பாலத்தைக் கடந்து கிழக்கே போனது.

ஆர்ப்பாட்டச் சதுக்கத்தில் எலும்புக்குள் போகிற காற்று. மலைக்கென்று எடுத்து வைத்த ஜாக்கெட்டுகளும் கையுறைகளும் பஸ்ஸின் அடிப்பெட்டியில் கிடந்தன. கார்ஸ்டன்தான் யாரும் கேட்காமல் அவற்றை இறக்கிக்கொண்டு வந்தார். சேலைக்கு மேல் மஞ்சளும் ஊதாவுமாக ஸ்கீ ஜாக்கெட் போட்ட தாய்மார், காணாமல் போனவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போனுக்குக் கிட்ட மாமாவை நிற்கச் சொல்லிவிட்டு வந்திருந்த ஜெயந்தனின் கையில் அக்காவின் கல்யாணப்படம் இருந்தது. கார்ஸ்டன் அதைப் பார்த்தார், படத்தில் இருப்பது யார் என்று கேட்டார், பிறகு அவன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்: "மலை எங்கேயும் போகாது. அடுத்த வருடமும் அங்கேதான் நிற்கும்."

கடற்கரை

போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த காலையில் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு பெண் தொலைபேசியில், கோடை விடுமுறைக்குப் போகப்போகிற கடற்கரையில் மணல் மென்மையாக இருக்குமா, பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கலாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கோ கடற்கரை என்ற சொல்லைக் கேட்டதும் சண்டையின் முடிவில் சனம் ஒடுங்கிக் கிடந்த அந்தக் கடைசித் துண்டு மணல்தான் கண்ணுக்குள் வந்தது; ரிசீவரைப் பிடித்தபடியே இருந்தேன்.

பியர்தெ மேசையைச் சுற்றி வந்து, ரிசீவரை என் கையிலிருந்து மெல்ல எடுத்தார். "இன்றைக்கு நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்" என்றார்.

இறங்குவதற்கு ஏறுவது

கோடை முடிவதற்குள், அக்காவும் பிள்ளைகளும் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஜெயந்தனுக்குத் தகவல் கிடைத்தது. அத்தானைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு அவனே வந்து கேட்டான், பஸ் இருக்கிறதா என்று.

நோர்வே மலையில் நாள் முழுக்க விழுந்து எழும்பி, பின்னேரம் தங்குமிடச் சமையலறையில் ஈரக் காலுறைகளைக் காயவிட்டுக்கொண்டிருந்தோம். ஜெயந்தன் யாழ்ப்பாணத்துக்கு வந்துசேர்ந்திருந்த அக்காவுக்குப் போன் எடுத்தான். கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போவதையும், பிறகு சறுக்கிக் கீழே வருவதையும், திரும்பவும் மேலே போவதையும் விளக்கினான். பிறகு போனைக் காதில் வைக்காத எங்களுக்கும் கேட்கிற மாதிரி அக்கா சிரித்தார். போருக்குப் பிறகு அவர் சிரித்ததை அவன் அன்றைக்குத்தான் கேட்டானாம். சிரிப்பு அடங்க, அவர் கேட்டார்: "இறங்கி வாறதுக்கெண்டே ஏறிப் போறியளோ? உங்கை உங்களுக்கு வேறை வேலை ஒண்டும் இல்லையோடா?"

அதற்குப் பிறகும் எத்தனையோ ஈஸ்டருக்கு எத்தனையோ பிள்ளைகளை அந்த மலையில் ஏற்றி இறக்கின எனக்கு, இன்றுவரை பனியில் விழாமல் சறுக்கிக் கீழே வந்துசேரத் தெரியாது.