ரேம் வாங்க மூன்று கொட்டேஷன்

போன வருடக் கடைசியில், கம்ப்யூட்டர் ரேமின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில், டெல்லி நேரு பிளேஸில் எனக்கு நடந்தது இது.

நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். இருபது வருடமாக நாற்காலி, ஏ.சி., பிரிண்டர் என்று வாங்கித் தள்ளியவள். மூன்று கொட்டேஷன் இல்லாமல் நான் குக்கருக்கு கேஸ்கட்கூட வாங்க மாட்டேன் என்று என் கணவர் கேலி செய்வார். அதில் பாதி உண்மை.

மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸில் அப்போது என் தம்பியும் இருந்தான். குர்காவ்னில் நல்ல வேலையில் இருந்தவன். பைக் விபத்தில் கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஆறு மாதமாக எங்கள் முன்னறைக் கட்டிலில் கிடந்தான். வேலையும் போய்விட்டது. ஊன்றுகோல் வைத்துக்கொண்டு தினமும் வெளியே நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகியும் வாசல்படியைத் தாண்டவில்லை. என்ன வேண்டும் என்று எப்போது கேட்டாலும், "ஒண்ணும் வேணாம்க்கா" என்பான். 

அப்படிப்பட்டவன் ஒரு நாள் தானாக வாயைத் திறந்தான். குறைந்த செலவில் ஒரு கேமிங் பிசி கட்டப் போகிறானாம். கல்லூரி நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு சாயங்காலம் ஆன்லைனில் சேர்ந்து விளையாடுகிறார்கள், இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். தன் சேமிப்பில் மிச்சமிருந்த பணத்தில்தான் வாங்குவேன், அக்கா ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது என்று நிபந்தனை வேறு. பிராசஸர், மதர்போர்டு, கேபினெட் எல்லாவற்றையும் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பாக்கி ரேம் மட்டும்தான். அதை நான் வாங்கி வருகிறேன் என்று முன்வந்தேன்.

ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். 16 ஜிபி, டிடிஆர் 5, எட்டு எட்டாக இரண்டு.

எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, தேவைக்கு மேல் குறிப்பாக எழுதிய நிபந்தனையைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது. யாரோ ஒரு கம்பெனிக்குச் சாதகமாக எழுதியதாக இருக்கும். அந்த மாதிரி வரிகளைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் அடிப்பதில் எனக்கு நல்ல பேர். மெட்ரோவில் உட்கார்ந்து அந்தச் சீட்டையும் அதே கண்ணால் பார்த்தேன். தேவை பதினாறு ஜிபி. மற்றதெல்லாம் எவனோ யூடியூப்பில் இவன் தலையில் கட்டிய விளம்பரம் என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்று கடையில் விலை கேட்டேன். டிடிஆர் நாலா, அஞ்சா என்று மூன்று பேருமே கேட்டார்கள். எது மலிவோ அது என்றேன். மூன்றாவது கடைக்காரர் பதினாறு ஜிபி ஒரே துண்டாக, டிடிஆர் 4, மற்றவர்களைவிட நன்றாகவே குறைத்துச் சொன்னார். வாங்கிவிட்டேன். ஆபீஸில் டெண்டர் கவர் பிரிக்கும்போது யாரும் போனைத் தொட மாட்டோம். அந்தப் பழக்கத்தில் இங்கும் போனை சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தால் தம்பியிடமிருந்து நான்கு அழைப்பு. போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷப்படுவான் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குப் போனால், சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பிராசஸரை மதர்போர்டில் பொருத்தி, எல்லாம் தயாராக வைத்துக் காத்திருந்தான். ரேமைக் கையில் வாங்கி ஒரு தடவை பார்த்தான். நாலும் அஞ்சும் வேறு வேறு தலைமுறையாம். அடியில் இருக்கும் சின்ன வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரவே உட்காராது. நான் விடவில்லை.

"கொஞ்சம் அழுத்திப் பாரேன்டா."

"உடைஞ்சிரும்க்கா. பரவால்ல, விடு."

கத்தியிருந்தால் தேவலை. போர்டை மறுபடி அதன் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. ஆறு மாதத்தில் அவனாக ஆசைப்பட்ட ஒரே பொருளையும் நான் கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, சண்டை போடும் உத்தேசத்தோடுதான் அந்தக் கடைக்குப் போனேன். ஆனால் பில்லில் டிடிஆர் 4 என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கடைக்காரர் கோபப்படவில்லை. நீங்கள் ஜிபியும் ரேட்டும்தானே கேட்டீர்கள் மேடம்ஜி, எந்த போர்டுக்கு என்று சொல்லவே இல்லையே என்றார்.  மாற்றித் தருகிறேன், ஆனால் அஞ்சுக்கு இன்றைய ரேட் நேற்றைவிட அதிகம் என்று சொன்ன விலை, தம்பியிடம் இருந்த பணத்துக்கு எட்டாதது. என் பணத்தைப் போட்டால் அவன் தொடவே மாட்டான். என்ன பிராசஸர் என்று அடுத்து கேட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"கட்டுறவர்கிட்ட போனைக் கொடுங்க மேடம்ஜி," என்று இந்தியில் சொன்னார்.

கொடுத்தேன். முதலில் ஹாங், நஹி என்று ஒற்றை வார்த்தையில் பேசிய என் தம்பி, கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரோடு வாதம் பண்ண ஆரம்பித்தான். ஸ்பீக்கரில் அவன் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! அவனுடைய பிராசஸர் நாலோடும் வேலை செய்யும், அஞ்சோடும் வேலை செய்யும். அதனால் ரேமுக்குப் பதிலாக போர்டை மாற்றிக்கொள்ளலாம், நாலுக்கான போர்டு விலையும் குறைவு என்று கண்டுபிடித்தவன் அவன்தான். போர்டு புதிது, பெட்டியும் பில்லும் இருக்கிறது என்றதும் கடைக்காரர் சம்மதித்தார். நாளைக்கு நானே போர்டைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"நீ எடுத்துட்டு வராதக்கா. சாக்கெட்டுல பின்னு வளைஞ்சா போச்சு. நானே வர்றேன்."

மறுநாள் சனிக்கிழமை, இருவரும் ஆட்டோவில் போனோம். ஆட்டோ நின்ற இடத்திலிருந்து கடைக்கு நல்ல தூரம், நடுவில் படி வேறு. இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிடித்துக்கொள்ளப் போனால், "விடுக்கா" என்றான். அவன் வருவதைப் பார்த்த கடைக்காரர், தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டார். ஒற்றைத் துண்டு வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு போட்டால்தான் கேம் வேகமாக ஓடும் என்று அதையும் பேசி மாற்றிக்கொண்டான். நான் பையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அழுகை வந்தது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் ஓடியது. முன்னறையில் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து கீழே இறங்கி நடக்க ஆரம்பித்தான்.

டாக்டர், பிசியோ, அவனுக்கு என்ன சாப்பாடு, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று எல்லாவற்றையும் நானே அலசி ஆராய்ந்து, நானே முடிவு செய்திருந்தேன். ஆறு மாதம் எல்லாவற்றையும் சரியாகச் செய்து அவனைக் கட்டிலிலேயே வைத்திருந்தேன், ஒரே ஒரு தடவை தப்பாகச் செய்தபோதுதான் அவன் எழுந்து வந்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.