தங்கோ வாங்கி வந்த அம்சவல்லி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து யுனிவர்சிட்டிக்குப் போனவர்கள் பாஞ்சாலை அக்காவின் பிள்ளைகள் மட்டும்தான். எழுபத்தேழில் ராதாகிருஷ்ணனுக்குக் கடைசி வருடம், அவன் தங்கை அம்சவல்லிக்கு முதல் வருடம். தகப்பன் இல்லாத வீடு. தேயிலைக் கொழுந்து பறித்தே அக்கா இருவரையும் கோலாலம்பூருக்கு அனுப்பியிருந்தாள்.

அந்த வருட மழையில் அவளுக்கு மூச்சிழுப்பு முற்றிவிட்டது. மேட்டில் ஏற முடியவில்லை. வீட்டில் ஒருவராவது காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், பேர் கொடுத்தால்தான் லயத்தில் குடியிருக்கலாம். தோட்டத்து ஆபீஸ் கிராணி வாசலில் நின்று, "யாராச்சும் பேர் கொடுங்க, இல்லாட்டி வீட்டைக் காலி பண்ணணும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் படிப்பை நிறுத்துவதா என்று பேச்சுக்குக்கூட யாரும் கேட்கவில்லை. மகள்தான் வந்து நின்றாள்.

"ஒரு வருஷம் தங்கோ வாங்கிட்டேன்மா" என்றாள். படிப்பைத் தள்ளிப்போடுவதற்கு மலாயில் அதுதான் சொல். அம்மா காதில் அது தமிழாக விழுந்தது. "தங்கத்தானேடி வேணும், தங்கு தங்கு" என்று பூரித்துப்போனாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்சவல்லியும் சிரித்தாள். மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு என் பக்கத்து நிரைக்கு வந்தாள். "அண்ணன் பாஸாகி வந்ததும் நான் போயிருவேன்க்கா" என்று நாள் தவறாமல் சொல்வாள்.

அண்ணன் வந்தான், பாஸாகாமல். கைச்செலவுக்கு வழியில்லாமல் ராத்திரியெல்லாம் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவியிருக்கிறான், பகலில் வகுப்பில் தூங்கியிருக்கிறான். பரீட்சையில் கோட்டைவிட்டதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். "நான் பேர் கொடுக்கிறேன், நீ கெளம்பு" என்றான் தங்கையிடம். கிராணி கையை விரித்துவிட்டார்.

"ஆம்பள வேலை காலி இல்லப்பா. கொழுந்துக்குப் பொம்பள ஆளுதான் எடுப்போம்."

படிக்க ஆண்பிள்ளை வேண்டுமாம், பறிக்கப் பெண்பிள்ளை வேண்டுமாம். நல்ல நியாயம்! அவன் கோலா தெர்லாவுக்குக் காய்கறி லோரியில் மூட்டை ஏற்றப் போனான். இவள் தங்கோ முடிந்த அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே கொழுந்து எடுத்தாள். யாரைத் திட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்போது எண்பத்தாறு. போன வாரம் பெரட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "நீங்க யுனிவர்சிட்டியில படிச்சவங்களாமே, அப்புறம் போகலியாக்கா?" என்று கேட்டாள்.

அம்சவல்லி கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"தங்கிட்டேன்."